அக்கரையைக் கூப்பிடாமல் கூட்டிய கிராம சபை

அனுப்புநர்:
நாகவேணி சுப்ராய ஹெக்டே,
கெரெகத்தெ குடியிருப்பு,
ஹொசகொப்பா பஞ்சாயத்து,
உத்தர கன்னட மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
தாலுகா பஞ்சாயத்து அலுவலகம்.

பொருள்: எங்களை அழைக்காமல் கூட்டிய கிராம சபையில் எங்கள் நடைபாலத்தைக் கைவிட்டது, சபையை மீண்டும் கூட்டக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பத்து வீடுகளுக்கும் ஊருக்கும் நடுவே ஓடை. பாக்கு மரங்களைச் சேர்த்துக் கட்டும் பாலம் ஆண்டுதோறும் முதல் பெருமழையிலேயே போய்விடும். மழை முடியும்வரை என் பத்து வயது மகள் சிந்து, ஊரிலுள்ள நாத்தனார் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகிறாள். மாலையில் அந்தக் கரையில் நின்று கூவுவாள். நான் இங்கிருந்து பதில் கூவுவேன். ஜூனிலிருந்து எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான்.

2. எங்கள் பக்கத்தில் சபை கூட்டுவது என்றால், பஞ்சாயத்து ஆள் கரைக்கு வந்து தமுக்கடித்துக் கூப்பிட்டு, எங்கள் பதில் கூவல் கேட்கும்வரை நிற்பது. சென்ற மாதம் அவர் வரவேயில்லை. கைப்பேசிக் குழுவில் செய்தி போட்டார்களாம். எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடையாது என்பது ஊரறிந்தது. தெரிந்திருந்தால், அட்டை கடித்தாலும் பரவாயில்லை என்று பெரியவர்களாவது காட்டுவழி சுற்றி வந்திருப்போம்.

3. "முறைப்படி கூட்டப்பட்ட" அந்தச் சபை, திட்டத்திலிருந்த நிரந்தர நடைபாலம் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை என்று அதைக் கைவிட்டு, ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு கட்டத் தீர்மானித்துள்ளது. யாரை வரவேற்கப் போகிறார்களோ, எங்களை இல்லை.

4. என் கணவர் நடந்துபோய்த் தலைவர் தேவப்பாவிடம் கேட்டார். "குரூப்ல போட்டாச்சே சுப்ராயண்ணா, வீடு வீடா வெத்தலை பாக்கு வெச்சா கூப்பிடுவாங்க? வந்தவங்க கேட்டாங்க, குடுத்தோம்" என்றாராம். அவர் கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். பாலம் கைநழுவிப் போனதைவிட அவர் இப்படிச் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே அத்தீர்மானத்தை நிறுத்திவைத்து, மழை நிற்கக் காத்திராமல், சபையை எங்கள் கரையிலேயே மீண்டும் கூட்ட ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வருபவர்கள் அரைநாள் காட்டில் நடக்க நேரும்; பொறுத்தருள வேண்டும். எல்லோருக்கும் நான் சோறு ஆக்கிவைக்கிறேன். காட்டெருமைக்குப் பயந்து பிள்ளைகளை அந்த வழியே நாங்கள் அழைத்துவருவதில்லை. அத்தனை பேர் சேர்ந்து வரும்போது பயமில்லை. சிந்துவையும் கூட்டிவந்தால், அவளும் ஒரு வேளையாவது எங்கள் வீட்டில் சாப்பிடுவாள்.

இடம்: கெரெகத்தெ
நாள்: 7-8-2023

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) நாகவேணி சுப்ராய ஹெக்டே