ரோட்டு வழியாகவே வருகிறேன்

பூனாகலைத் தோட்டம்,
மேல் டிவிஷன்.
ஆகஸ்ட், புதன்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

மேனுஷா எழுதுகிறேன். அத்தையும் பாப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். முழங்கையில் தையல் போட்டிருப்பவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தையலைப் பற்றி அத்தை உங்களிடம் சொல்லியிருப்பார்; கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பார். தம்பேதன்னை இறக்கத்தில் சரளைக்கல்லில் சைக்கிள் வழுக்கி விழுந்தேன். பண்டாரவளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் இரண்டாவது வார்த்தையிலேயே உங்களுக்குக் கோபம் வருகிறது, மூன்றாவதில் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. உங்கள் அறையில் இருக்கிற ஸரூக் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் தேயிலைத்தூளும் அத்தை இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன். தூளை அறையில் எல்லாருக்கும் வாரி இறைத்துவிடாதீர்கள்.

பாப்பா பாலர் பாடசாலையில் பாட்டுப் பாடி ஒரு பென்சில் பெட்டி வாங்கினாள். முன்பல் ஒன்று ஆடுகிறது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்த இடத்தில் தோட்ட நிர்வாகத்தார் கல் அடுக்கித் தந்திருக்கிறார்கள். மழை வந்தால்தான் அது நிற்குமா என்று தெரியும். இப்போது காற்றுக் காலம், தகரம் பறக்காமல் இருந்தால் போதும்.

இனி சைக்கிள் ஓட்டத்தைப் பற்றி.

இந்த மாதக் கடைசி ஞாயிறு. விடியற்காலை அப்புத்தளையில் புறப்பட்டு, தம்பேதன்னை ஏறி, நம் தோட்டத்துக்குள் இறங்கி, பண்டாரவளை, தெமோதரை என்று தோட்டப் பாதைகளிலேயே போய், பொழுது சாய்வதற்குள் பதுளை மைதானத்தில் சேர வேண்டும். தார் ரோடு கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கல்லும் புழுதியும். எல்லவில் சுற்றுலா வந்த வெள்ளைக்காரரோடு சைக்கிளில் சுற்றிய உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அவர் உங்களிடம் விட்டுப்போன சைக்கிள்தானே இது. நான் தைக்கப் போகிற காமன்ட் ஆலையின் பஸ் அடிக்கடி தவறிப்போனதால் அதைச் சுவர் ஆணியிலிருந்து இறக்கினேன். வேலைக்குப் போய் வருவதற்கு என்றுதான் தொடங்கியது. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயா லீவிலும் சும்மாவே ஏறிப் போனேன். ஏன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். மேட்டை மிதித்து முடித்து மறுபக்கம் இறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதற்கு மேல் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

சித்திரையில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் மானம் போய்விட்டது என்றீர்கள். அந்த வீடியோவைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், நடந்ததை என்னிடம் ஒருநாளும் முழுதாகக் கேட்கவில்லை. கோயிலுக்குக் கீழே குறுக்குப் பாதை பிரிகிற இடம் வந்ததும் நான் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிவிட்டேன். யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போனது அந்தக் குறுக்கில், கல்யாணத்தன்று உங்கள் வீட்டுக்கு என்னைக் கூட்டிவந்ததும் அந்தக் குறுக்கில். தோட்டத்தில் ரோட்டைச் சுற்றிப் போவது லொறியும் துரையின் வண்டியும்தானே? முதலாவதாக வந்து நின்றேன். லயத்து ஆட்கள் கை தட்டினார்கள். அப்புறம்தான், ரோட்டு வளைவில் வருகிறவர்களின் நம்பரை எழுத நின்றவர் என்னைக் காணவே இல்லை என்று தெரிந்தது. பேரை அடித்துவிட்டார்கள். நான் செய்தது பிழை என்று எனக்குப் புரியவே நேரம் எடுத்தது. அதற்குள் எவனோ படம் பிடித்து 'குறுக்கு ராணி' என்று பேர் வைத்து அனுப்பிவிட்டான். காமன்டில் இன்னும் சில பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். களவு செய்து வந்தவள் என்று பேர் இருக்கும்போது நான் எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் அதுதான் கடைசிப் பேராகிவிடும்.

அதனால் இப்போது பயிற்சியே ரோட்டைச் சுற்றுவதுதான். ஒவ்வொரு வளைவிலும் கால் தானாகக் குறுக்குப் பக்கம் இழுக்கிறது. மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பாவம் பார்த்து, குறுக்கால போ புள்ள என்று கத்துகிறார்கள். முதலில் என்னைத் திட்டித் தீர்த்த அத்தை இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் குறுக்கு வாயில் போய் நின்று, மாடு மறிப்பது போல இரண்டு கையையும் விரித்துக்கொள்கிறார். "இங்கிட்டு இல்ல, ரோட்டால சுத்திப் போ." பாப்பாவும் பக்கத்தில் கை விரித்து நிற்கிறாள்.

சைக்கிளைப் பற்றிக் கவலை வேண்டாம். பண்டாரவளை சைக்கிள் கடை றில்வான் சங்கிலியையும் பிரேக் கட்டையையும் மாற்றித் தந்தார். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கல்லில் வழுக்காது என்றார். விழுந்த பிறகுதான் அதைக் கேட்டேன். வழியில் சாப்பிட ரொட்டி சரிவரவில்லை, தொண்டையில் நிற்கிறது. அவித்த வற்றாளங்கிழங்கும் நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழமும் நன்றாக இறங்குகின்றன.

என்னைக் கேட்காமல் ஏன் பேர் கொடுத்தாய் என்றீர்கள். கேட்கவில்லைதான். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருப்பதாக முடிவெடுத்த பிறகுதான் நீங்களும் எனக்குச் சொன்னீர்கள். இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை, என்னுடையது ஒரே நாளில் முடிந்துவிடும். குடும்பத்துக்காகத்தான் அங்கே வெயிலில் கிடக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

நான் ஓடுவேன் மச்சான். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பிந்தி வந்தாலும் எல்லா வளைவிலும் என் நம்பர் இருக்கும். அன்று இரவு போன் எடுங்கள்; திட்டுவதாக இருந்தாலும் எடுங்கள்.

நேற்று ஓட்டம் நடத்துகிற இடத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். கொழும்புப் பிள்ளை, மரியாதையாகப் பேசினாள். வயசு, இரத்த வகை, மருந்து ஏதும் குடிக்கிறேனா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு, "விழுந்துட்டீங்கன்னா யாரைக் கூப்பிடணும்? உடனே வரக்கூடிய ஆளாச் சொல்லுங்க" என்றாள். நான் யோசிக்காமல் உங்கள் பேரையும் நம்பரையும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்து நிறுத்திவிட்டாள். "அக்கா, இது வெளிநாட்டு நம்பர். இவர் எப்படி வருவார்?" என்றாள். அவள் மேல் பிழையில்லை. உங்கள் பேரை வெட்டச் சொன்னேன். கடைசியில் அத்தையின் பேரைக் கொடுத்தேன். பஸ் ஏறினாலே தலை சுற்றி வாந்தி எடுக்கிற அத்தைதான், நான் விழுந்தால் பதுளைக்கு வரப்போகிற ஆள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் நிழலுக்குப் போங்கள், தண்ணீர் குடியுங்கள். கதிர்காமக் கந்தன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். அடுத்த வருடமும் இந்த ஓட்டம் உண்டாம். அப்போது அந்தப் பெண் திரும்ப அதே கேள்வியைக் கேட்பாள். நான் உங்கள் பேரைத்தான் சொல்வேன், இந்த ஊர் நம்பரோடு. அவள் எழுதிக்கொண்டு, வேறொன்றும் கேட்காமல் போனை வைக்க வேண்டும்.

உங்கள்,
மேனுஷா