திட்டில் இப்போது கூடுகள் இல்லை

எட்டுத் திக்குப் பறவைகளுக்கும் பட்டத்தரசியான என் மருமகள் வள்ளிக்கு,

நீ காய்ச்சலில் போய் எட்டு மாதம் கழித்து நீ கேட்ட நிதி வந்து சேர்ந்தது. நம் கண்மாய் நடுவில் இருக்கும் திட்டைக் காப்பாற்றச் சொல்லி எழுதிப் போட்டாயே, அதுதான். தீவுகளைக் காக்கக் கொடுக்கும் பணமாம் அது. "தீவு என்றால் கடலில் இருக்க வேண்டும்" என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். சுற்றிலும் தண்ணீர், நடுவில் நாட்டுக் கருவேலம், அதில் கூழைக்கடாவும் நாரையும். வேறென்ன வேண்டுமாம்? கடல்தான் குறை என்றால் பத்து லாரி உப்பைக் கொண்டுவந்து நானே கொட்டியிருப்பேன்.

சீமைக்கருவேலத்தை வெட்ட, நாட்டு மரம் நட, காவலுக்கு ஆள் போட என்று பணம் ஒதுக்கியிருந்தார்கள். உன் அம்மா அந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். "இவ இருக்கும்போது கொடுத்திருந்தா அவுகளுக்கு என்ன கொள்ளை போச்சாம்?" என்றாள்.

தை மாதம் தொடக்க விழா. பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். உன் மாமன் எடுத்தால் சும்மாவா? திருத்தங்கலில் என் பிரஸ்ஸில் நான் அடித்த பேனரில் உன் முகம் ஆனைக்குட்டம் அணை அகலத்துக்கு இருந்தது. கரை நெடுகச் சரவெடி விரித்தேன். வால் இங்கே என்றால் தலை மதுரையில்.

காவலுக்குப் போட்டிருந்த மாடசாமி ஓடிவந்தான். "அண்ணாச்சி, வேண்டாம். கூட்டுல குஞ்சு கெடக்கு."

"ஏலே, வேட்டு இல்லாம நம்ம ஊர்ல காதாவது குத்துவாகளா? எம் மருமக விழாலே இது!"

நானே பற்றவைத்தேன், வள்ளி.

வெடித்து ஓய்ந்தபோது வானம் முழுக்கப் பறவைகள். கூட்டம் கைதட்டியது. உனக்கு மரியாதை செய்கின்றன என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். அவை இறங்கவே இல்லை. காக்கைகள் மட்டும் திட்டுக்குள் போய்ப் போய் வந்தன. மறுநாள் தெப்பத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாடசாமி, "ஒரு குஞ்சுகூட மிஞ்சல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம்தான் உன் விண்ணப்பத்தைப் படித்தேன். அதை என் பிரஸ்ஸில் வழவழத் தாளில் அடித்து, அட்டையில் தங்க எழுத்துப் போட்டவன் நான். தேவலோகத்தில்கூட இப்படியொரு பைண்டிங் கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனும் நான்தான். உள்ளே ஒரு வரி பார்த்ததில்லை. நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: "குஞ்சு பொரிக்கும் காலத்தில் கரையில் ஒரு ஓலைவெடிகூட ஆகாது."

இப்போது நிதி கொடுத்தவர்கள் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். கூடுகள் எத்தனை என்று கேட்கிறார்கள். உன் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். கண்மாய்க் குழுத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, புள்ள போன வருசம் எண்ணி வச்சதையே போட்ருவோம். எவன் வந்து இங்கன எண்ணப் போறான்? உள்ளதைச் சொன்னா அடுத்த தவணை நின்னுரும்."

நிற்கும்தான். அதற்காக, வெயிலில் நின்று ஒவ்வொன்றாக நீ எண்ணி எழுதியதை வைத்தே நான் பொய் சொல்லவா?

வாக்குக் கொடுக்கிறேன், தாயி. நாளை அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடுவேன். காரணம் கேட்டிருக்கும் இடத்தில் என் பெயரைத் தவிர வேறு எவர் பெயரையும் எழுத மாட்டேன்.

திரியில் தீ வைத்த,
உன் தாய்மாமன்