முதலில் திருத்திய கடிகாரம்

ஸஃபி, மொராக்கோ
அக்டோபர் 24, 2018, புதன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வியாம் எழுதுவது. இங்கே நலம். காஸாபிளாங்காவில் உங்களையும் அல்லாஹ் நலமாக வைத்திருக்கட்டும். போனில் உங்கள் பெயரைப் பார்த்தாலே அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. அதனால் உங்கள் பஸ் கம்பெனி டிரைவர் புஷ்தா மாமாவிடம் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன்.

மராகேஷ் விடுதிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது! அங்கே நூலகமே இரண்டு மாடி. ஆனால் பள்ளி மாற அம்மாவின் கையெழுத்து செல்லாதாம். விவாகரத்து ஆனாலும் சட்டப்படி நீங்கள்தான் பொறுப்பாளர். "வளர்க்க நான், கையெழுத்துக்கு அவரா?" என்று அம்மா மத்தி மீனை வெட்டிய வேகத்தில் பலகையே பிளந்திருக்கும்.

வரும் திங்கள் பதினோரு மணிக்குள் எங்கள் நகராட்சி அலுவலகத்தில் நீங்கள் நேரில் கையெழுத்திட வேண்டும். தவறினால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். வந்துவிடுவீர்கள்தானே?

உங்கள் அன்பு மகள்,
வியாம்

காஸாபிளாங்கா
அக்டோபர் 27, சனி

கண்ணே வியாம்,

உன் கடிதத்தை டிப்போவில் எல்லோரிடமும் காட்டினேன். பதில் தாமதத்துக்குக் காரணம் அரசாங்கம். வருடாவருடம் போல் குளிர்காலத்துக்காக நாளை ஒரு மணி நேரம் பின்னால் போக வேண்டிய கடிகாரம் இனி மாறாது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். மனிதர்களுக்குச் சொல்லியாயிற்று, டிக்கெட் அறைக் கணினிகளுக்கு யார் சொல்வது? எல்லாம் உன்னைவிட மூத்தவை, செய்தவர்களே கைவிட்டவை. பழைய வழக்கப்படி நாளை தாமாகவே பின்னால் போய்விடும். அதனால் ஒவ்வொன்றிடமும் "நீ அல்ஜீரியாவில் இருக்கிறாய்" என்று பொய் சொல்லி வருகிறேன். அங்கே வருடம் முழுக்க இதே மணிதான்.

டிரைவர்கள் சும்மா விடுவார்களா? "என்ன ஜில்லாலி, டிப்போவையே பக்கத்து நாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டியா?" "இனிமே உள்ள வந்து டீ குடிக்கவும் விசா வேணுமாடா?"

எதையும் தொடுமுன் என் போனைத்தான் திருத்தினேன். திருத்துகிறவன் கையில் ஒரு கடிகாரமாவது சரியாக இருக்க வேண்டாமா? நீயும் குழம்பாதே, பதினொன்று என்றால் இப்போதைய மணிப்படிதான். திங்களன்று புஷ்தாவின் முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

பள்ளியைத் தேடியது அம்மா, முடிவு செய்தது அம்மா. நான் வெறும் கையெழுத்துதானா? மராகேஷ் போனபின் என்னைப் பார்க்க எப்போது வருவாய்? சரி, விடு.

முத்தங்களுடன்,
அப்பா

காஸாபிளாங்கா
அக்டோபர் 30, செவ்வாய்

கண்ணே,

மன்னித்துவிடு. என் போன் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போயிருந்தது. முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததில் வந்து சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது, அலுவலகத்தில் கையெழுத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். நீ படிக்கட்டில் உட்கார்ந்து புத்தகத்திலிருந்து நிமிரவேயில்லை. ஊரில் பாதிப் பேர் அன்று தப்பான மணியில்தான் எழுந்தார்கள், கண்ணே. அடுத்த வருடம் பார்க்கலாம். மராகேஷ் வெயிலும் உனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு கதைப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன்.

அப்பா

ஸஃபி
நவம்பர் 2, வெள்ளி

அப்பாவுக்கு,

என் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா உங்களை நம்பிவிட்டாள். "போன் தப்பா மணி காட்டினா மனுசன் என்னடி செய்வார்? நம்ம ரொட்டிக்கடைக்காரரே அன்னைக்கு லேட்டாத்தான் கடையத் தொறந்தார்" என்றாள். அவள் உங்களுக்காகப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் முறை.

புஷ்தா மாமா நேற்று விசாரித்தார். "பக்கத்து சீட்டுல பை வெச்சு உங்கப்பனுக்கு இடம் பிடிச்சேன். நேரத்துக்கு வந்து உக்காந்தார், டீயும் குடிச்சார். வண்டிய எடுக்கறப்ப 'நீ போ, அடுத்ததுல வர்றேன்'னு இறங்கிட்டார். உடம்புக்கு முடியலையா தாயி?"

ஆமாம் என்றேன்.

எதையும் தொடுமுன் போனைத்தான் திருத்தியதாக நீங்களே எழுதியிருந்தீர்கள். போக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். அதற்காவது எனக்கு ஒரு அப்பா இருந்திருப்பார்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதைக் கணினிகளும் நம்பின, அவளும் நம்பினாள். அப்படியே இருக்கட்டும். பதினெட்டு வயதில் என் கையெழுத்தை நானே போட்டுக்கொள்வேன்.

புத்தகத்தைப் பிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு புஷ்தா மாமாவிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

வியாம்