வாசல் வரை போட்ட வழி

புத்தூர்,
ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

தேவசேனா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. குவைத்தில் வெயில் எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம் போடுகிறேன்.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் ஒரு வரைபடம் இருக்கிறதே, அதில் நான் வரைந்த நம் தெரு முழுவதும் போய்விட்டது. அழித்தவள் நான்தான்.

அந்த வரைபடத்துக்கு வரைந்து கொடுக்கும் எங்கள் குழுவைத் திருப்பதியில் நடத்தும் பரணி போன மாதம், "நடந்துகினே வரைஞ்சியாக்கா, இல்ல அந்தக் கம்பெனி படத்து மேல வரைஞ்சியா" என்று கேட்டான். ஒரு தனியார் கம்பெனி வானத்திலிருந்து எடுத்து வைத்திருக்கும் படத்தை யாரும் பார்க்கலாமாம். அதன்மேல் கோடு போட்டுப் பொதுவில் கொடுக்க உரிமம் இல்லையாம். என் வீட்டுக் கூரையை என்னைக் கேட்டா எடுத்தான் என்று சண்டை போட்டேன். ஒரு தெரு தப்பு என்றால் எல்லாருடைய உழைப்பையும் சந்தேகப்படுவார்கள் என்றான். நடந்தேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அனுமதி உள்ள படமும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பழசு. நம் வீட்டு இடத்தில் வேர்க்கடலைக் கொல்லைதான் தெரிகிறது. தினமும் வீட்டை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன் என்றீர்களே, அதற்காகத்தான் கம்பெனியின் புதுப் படத்துக்குப் போனேன்.

இப்போது, நடக்கிற தடத்தைப் பதிவு செய்யும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகச் சுற்றி நடந்து மறுபடி வரைகிறேன். நடந்த தடம் நம்முடையது, அதை யாரும் கேட்க முடியாது. பக்கத்து வீட்டு ரத்னம்மா அத்தை, "இன்னாடி, எதனா தொலைச்சிட்டியா" என்றார். ஆமாம் அத்தை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கிரகப்பிரவேசம் முடிந்த இருபதாம் நாள் கிளம்பினீர்கள். மூன்று வருடம் ஆகிறது. பொங்கலுக்கு என்றீர்கள், ஆடிக் கிருத்திகைக்கு என்றீர்கள். போன் போட்டால் மோட்டார் கொட்டகையைக் கேட்கிறீர்கள், மாங்கன்றைக் கேட்கிறீர்கள். மேலிருந்து எடுத்த படத்தில் நான் தெரிய மாட்டேன் மாமா. ஒருத்திக்காக உலை வைக்கவே பிடிக்கவில்லை.

தெருவில் மற்ற முப்பத்தொரு வீடும் வரைபடத்தில் ஏறிவிட்டது. நம் வீட்டை மட்டும் நான் சுற்றி நடக்கவில்லை. நடக்கவும் மாட்டேன். இனி வரைபடத்தில் அதைத் தேடாதீர்கள். வாசல் வரை வழி போட்டு வைத்திருக்கிறேன். நான்கு சுவரையும் நீங்கள் வந்து, நடந்து, போடுங்கள்.

திருச்சானூர் தாயார் உங்களைப் பத்திரமாக அந்த வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

உங்கள்
தேவசேனா