உன் கணக்கில் அப்பா இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பளவில் இங்கே இருவரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைத் தவிர வேறு எதுவும் இங்கே சரியாக இல்லை, போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் நாட்டில் எந்த ஆஸ்பத்திரி மூளை அறுவை சிகிச்சை பற்றி எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டது என்று நீ எண்ணிப் போட்டாயே, சுகாதார அமைச்சகத்தில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். அதில் எங்கள் ஆஸ்பத்திரி பெயரே இல்லை. ஆராய்ச்சியே செய்யாத இடத்துக்குப் பயிற்சி டாக்டர்கள் எதற்கு என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர்களை எடுத்துவிடப் போகிறார்கள். அவர்கள் போய்விட்டால் மூளை ஆபரேஷனுக்கு அப்பா ஒற்றை ஆள், தலையில் அடிபட்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

எங்கள் ஆஸ்பத்திரியை நீ ஏன் விட்டாய் என்று எனக்குத் தெரியும். "அப்பா வேலை பாக்கற இடத்த நானே எண்ணினா, அவருக்காகக் கூட்டிப் போட்டேன்னு சொல்லுவாங்கம்மா" என்று அன்றைக்கே சொன்னாய். விட்டதுதான் விட்டாய், இன்ன காரணத்தால் விட்டேன் என்று ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? கெட்ட பெயருக்குப் பயந்து, இருப்பதை இல்லாமல் ஆக்கிவிட்டாயே. அப்பாவிடம் காரணத்தைச் சொன்னேன், நம்பவில்லை. "சும்மா சமாதானம் சொல்லாத, எண்ணற அளவுக்கு ஒண்ணுமில்லன்னு அவளுக்குத் தோணியிருக்கு" என்கிறார். குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்வது பற்றி எழுதிக்கொண்டிருந்த கட்டுரையைப் பாதியில் மூடிவிட்டார். ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் வழக்கம்போல ஜோக் அடிக்கிறார், நர்ஸுகள் சிரிக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்தே தலை நரைத்தவள் நான், வலியை மறைக்கிற முகம் எனக்குத் தெரியாதா? எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, உன்னை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

திங்களுக்குள் அமைச்சகத்துக்கு எழுது. அந்த ஆஸ்பத்திரியை நான்தான் விட்டேன், அங்கே ஆராய்ச்சி இல்லை என்று அர்த்தமில்லை என்று உன் கையெழுத்துப் போட்டு எழுது. எண்ணுவதை வேறு யாரிடமாவது கொடு, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்பாவுக்காகப் பேசுகிறாள் என்று நாலு பேர் சொல்வார்கள்தான், சொல்லட்டுமே. கழுத்து வலி என்றாயே, படுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பார்க்காதே, உயரத் தலையணையைத் தூக்கிப் போடு.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும். எழுதி அனுப்பியதும் அப்பாவுக்குப் போன் செய், மறக்காதே. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அவர் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா