பெல்ட்டுக்குக் குங்கிலியம்

தை 11, செவ்.

விடியால நல்ல பனி. மரவள்ளி புடுங்க ஆள் வரலை, எல்லாரும் ரேடியோப் பொட்டி முன்னால. ரெட்டை எலைக் கட்சி ஒடைஞ்சு, சேவல் சின்னமும் புறாச் சின்னமும் தனித்தனியா ஓட்டுக்கு நின்னு, ரெண்டும் தோத்து, சூரியன் ஜெயிச்ச வருசம் இது. கோழிப்பண்ணை வெச்சிருக்கற எம் மூத்த பையன், பெரியவன், சொல்றான்: "நம்ம பண்ணைச் சேவல்ல ஒண்ண நிறுத்தியிருந்தா இத்தனை மோசமாத் தோத்திருக்காதுங்கய்யா."

இந்த நோட்டு மறதிக்கு இல்லை. மறதி எனக்குக் கிடையாது. கிணத்துல முதல் மோட்டார் எறக்கின அன்னைக்கு யாரார் என்ன துண்டு போட்டிருந்தாங்கன்னு கேட்டாலும் சொல்லுவேன். ஆனா நாளைக்கு மக அம்மிணியோட ஸ்கூட்டரைக் கழட்டோணும். நட்டுக்கு அடியில போடற வாசர் எது எந்தப் பக்கம்னு எழுதி வெச்சாத்தான் திரும்ப மாட்டலாம். பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பஸ் போர்டு பாத்துப் பழகின எழுத்து. தப்பு வந்தா வரட்டும், படிக்கப் போறது நான்தான.

வண்டியோட வியாதி:
முறுக்கினா சத்தம் மட்டும். நகர்றதில்லை.
ஏரிக்கரை ஏத்தத்துல பாதியில மூச்சு முட்டுது.
ரப்பர் கருகற நாத்தம்.

எம் மகளுக்கு இருபத்தெட்டு வயசு. ரெண்டு வயசுல வந்த காய்ச்சலுக்கு எடது கால் போச்சு. இரும்புப் பட்டை கட்டித்தான் நடை. டைப் பரீட்சை ரெண்டும் பாஸ் பண்ணி, இப்ப அஸ்தம்பட்டியில ஒரு ஆபீசுல வேலை வந்திருக்குது. வர்ற பிப்ரவரி ஒண்ணாந்தேதி, தை 19 புதன்கிழமை, சேரோணும். பனமரத்துப்பட்டி பஸ்சு படி அவளுக்கு ஆகாது. ஒருக்கா ஏறி உழுந்து மோவாயில தையல். அதுக்குத்தான் இந்தக் கியர் இல்லாத வண்டி. பழசு. ரெண்டு பக்கமும் பட்டறையில சின்னச் சக்கரம் வெச்சு வாங்கினது. கையால முறுக்கினாப் போதும், காலுக்கு வேலையே கிடையாது.

வண்டி ஓடலைன்னா வேலை இல்லை. அவ்வளவுதான் விசயம்.

தை 12, புத.

எடது பக்க மூடியைக் கழட்டியாச்சு. ஸ்க்ரூ எல்லாம் தேங்காத் தொட்டியில.

உள்ள கியரே காணோம். முன்னால ஒரு ஜோடி தட்டு, பின்னால ஒரு ஜோடி தட்டு, நடுவுல ஒரு பெல்ட். சோத்துத் தட்டு ரெண்டை முதுகும் முதுகுமா வெச்சாட்ட, நடுவுல ஒரு பள்ளம். அதுலதான் பெல்ட் ஓடுது. வேகம் கூடக் கூட முன் தட்டு ரெண்டும் நெருங்கும், பெல்ட் மேல ஏறும். பின்னால தட்டு விலகும், அங்க பெல்ட் உள்ள எறங்கும். கையால தள்ளித் தள்ளிப் பாத்தேன். இதுதான் கியராம். படியே இல்லாத ஏத்தம்.

நட்டைக் கழட்டறப்ப, விசிறி எதழ் வெச்ச வெளித் தட்டு சுத்தாம இருக்கத் தாம்புக் கயித்தைச் சுத்திப் பெரியவன் இழுத்துப் புடிச்சான். "கன்னுக்குட்டி கூட இப்படி முண்டாதுங்கய்யா."

பெல்ட் ஓரம் கண்ணாடியாட்ட மினுங்குது. அதான் நழுவுது. நழுவற பெல்ட்டுக்கு வைத்தியம் எனக்குத் தெரியாதா? ஆயில் இஞ்சின் காலத்துல, கரும்பாலை காலத்துல, இந்தக் கையால எத்தனை தடவை! குங்கிலியத்தைப் பொடி பண்ணித் தூவினா பெல்ட் அட்டையாட்ட கவ்விக்கும். சாமி மாடத்துல இருந்ததை எடுத்து, நுணுக்கி, ரெண்டு ஓரமும் தேச்சு விட்டேன். பெரியவன் கோழிக்குத் தண்ணி வைக்கப் போயிருந்தான். யார்கிட்டயும் சொல்லலை. சொல்றதுக்கு என்ன, உப்புப் போட்டதைச் சொல்லிக்கிட்டா சமைக்கறாங்க?

ஊட்டுக்காரி: "ஏனுங்க, மெக்கானிக்குகிட்டக் குடுத்துப் போடலாமுங்களே."
"அவனுக்கு இதும் ஒரு வண்டி."
"உங்களுக்கு?"
பெல்ட்டை எடுத்து மாட்டினேன்.

மாட்டின வரிசை: உள் தட்டு. பெல்ட். வெளித் தட்டு. வாசர் (குழி வெளிப் பக்கம்). நட்டு.

தை 13, வியா.

சனவரி இருபத்தாறு, கொடியேத்தற நாள். பள்ளிக்கூடத்து மைக்கு காலையில இருந்து கத்துது.

வண்டி அம்பாட்டப் போகுது! அம்மிணி ஏரிக்கரை ஏறிப் போயித் திரும்பி வந்தா. "ஏத்தம்னே தெரியலீங்கய்யா." முகத்தைப் பாக்கோணுமே.

ஊட்டுக்காரி வண்டிப் பக்கத்துல நின்னு மோந்து பாத்தா. "கோயில் வாசம் அடிக்குதுங்க. நல்ல சகுனம்."

எனக்கு ரெண்டு கரண்டி சோறு எச்சா எறங்குச்சு.

தை 14, வெள்.

எழுத்துக் கோணினாக் கோணட்டும்.

சாயந்திரம் மறுபடி ஓட்டிப் பழகறேன்னு போனா. கரையில இருந்து வேகமா எறங்கி வர்றப்ப ஆடு குறுக்க வந்திருச்சு. பிரேக் புடிச்சு நின்னுட்டா. ஆடு போச்சு. லேசா முறுக்கினா, வண்டி நகரலை. இன்னும் கொஞ்சம் முறுக்கினா. ஒரே தாவு. என் கண் முன்னால. நேராச் சோளத்தட்டுப் போருக்குள்ள.

இந்தப் பக்கம் போர். அந்தப் பக்கம் கிணறு. கைப்பிடிச் சுவரு கட்டோணும் கட்டோணும்னு நெனச்ச கிணறு.

முழங்கை சிராய்ப்பு. காலுப் பட்டையில வாரு அறுந்துபோச்சு. வேற ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லைன்னு பத்து தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பெரியவன் ஓடியாந்தவன் கத்தினான். "உன்னை ஆரு அத்தனை முறுக்கச் சொன்னது?"
"அளவாத்தான் முறுக்கினேன்."
"அளவா முறுக்கினவ போருக்குள்ளயா போவே? சீலநாயக்கன்பட்டி ரோட்டுல லாரிக்கு முன்னால இப்படித் தாவியிருந்தா?"
"உங்களுக்குக் கருமாதி வேலை வந்திருக்கும். இப்ப அது மிச்சம், விடுங்க."
"வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நான் சோறு போட மாட்டனா?"
"நீங்க போடுவீங்கண்ணா. ஒருநா நானும் உங்களுக்குப் போட்டுப் பாக்கோணும்ல."

தலையில சோளத்தாளு, முழங்கையில ரத்தம், அப்பவும் வாய் குறையலை. ஊட்டுக்காரி அழுதுக்கிட்டே மஞ்சப்பத்துப் போட்டா.

வண்டி ஏன் தாவுச்சு? முறுக்கினதுக்கா? அவ கை எனக்குத் தெரியும். கோலமாவுல புள்ளி வெச்சாக்கூட ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு வராது.

தை 15, சனி.

வண்டியைக் கல்லு மேல தூக்கி வெச்சு, பின் சக்கரம் அந்தரத்துல சுத்தற மாதிரி ஓட்டிப் பாத்துட்டு, நிறுத்தி மூடியைக் கழட்டினேன். அம்மிணி முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்தா. நான் போன்னு சொன்னேன். போகலை.

மூக்கைக் கிட்டக் கொண்டு வந்தா. "அம்மா சொன்ன கோயில் வாசம் இங்கிருந்துதான் வருதுங்கய்யா." நகத்தால தட்டைச் சொரண்டினா. மஞ்சளா, பிசினாட்ட. "என்னதுங்க இது?"
"குங்கிலியம்."
"எதுக்குங்க?"
"கவ்வறதுக்கு."

என்னையே பாத்தா. கோவப்படுவான்னு பாத்தேன். சிரிச்சுப்போட்டா. "பூசையே பண்ணிப் போட்டீங்களா!" அப்பறம் சிரிப்பு நின்னு, பெல்ட்டை வெரலால தள்ளினா. முன் தட்டுல மேல ஏறின எடத்துலயே ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. "ஐயா, ஏறினது எறங்க வேண்டாமுங்களா? நிறுத்தறப்பத் திரும்பக் கீழ வந்தாத்தான அடுத்தாப்ல மெல்லக் கெளம்பும்? இது மேலயே புடிச்சுக்கிட்டு, நான் முறுக்கின பொறவு பொசுக்குனு விட்டிருக்குது."

ஆமா. இஞ்சின் பெல்ட் நாளெல்லாம் ஒரே எடத்துல ஓடற பெல்ட். அதுக்குக் கவ்வினாப் போதும். இது கவ்வவும் வேணும், அப்பப்ப வழுக்கி ஏறவும் எறங்கவும் வேணும். பெல்ட்னா கவ்வறதுன்னே இத்தனை காலமும் இருந்துட்டேன். எம் புள்ளையைக் கிணத்துப் பக்கம் தள்ளப் பாத்தது ஆடும் இல்லை, அவ கையும் இல்லை.

நானே பண்ணைக்குப் போயி பெரியவன்கிட்டச் சொன்னேன், அவ மேல தப்பில்லைன்னு. என்ன பண்ணினேன்னும் சொன்னேன். தீவன மூட்டையில சாஞ்சுக்கிட்டுக் கேட்டான்:

"குங்கிலியம் போட்டது சரிங்கய்யா. சூடம் காட்டினீங்களா?"

அப்பறம் சொன்னான்: "நாளைக்கு ஞாயித்துக்கெழமை, கடை இருக்காது. திங்கக்கெழமை சேலம் போயிப் பெல்ட் வாங்கியாரேன். அதுக்குள்ள நீங்க எதையும் மாடத்துல இருந்து எடுக்காதீங்க."

தை 16, ஞா.

பெட்ரோல்ல துணி நனைச்சுத் தட்டு நாலும் தொடைச்சேன். பிசின் போகுது, வாசம் போகலை.

முன் தட்டுக்குப் பின்னால இன்னொன்னு பாத்தேன். சுத்துவட்டமா ஆறு சின்ன உருளை. வேகம் வந்தா அது வெளிய ஓடித்தான் தட்டை நெருக்குது. உருண்டையா இருக்க வேண்டியது ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாக் கெடக்குது. உருள வேண்டியது எப்படி உருளும்? வண்டியோட வியாதிக்கு வேரு இதும், பெல்ட் தேஞ்சதும். முதல்லயே இன்னும் ஒரு தட்டைக் கழட்டிப் பாத்திருந்தா.

அம்மிணி காலுப் பட்டைக்குப் புது வாரு தெச்சுக்கிட்டிருந்தா. அந்தப் பட்டையப் பாத்தா அந்த வருசம். சீனாச் சண்டைக்குன்னு பொம்பளைங்க கை வளையலைக் கழட்டிக் குடுத்த வருசம். எங்க தெருவுல அஞ்சு கொழந்தைக்கு ஒரே வாரத்துல காய்ச்சல். முதல்ல மேலூட்டு ராசு.

வேண்டாம். எழுத வேண்டாம்.

தை 17, திங்.

பெல்ட், உருளை ரெண்டும் வந்தாச்சு. கடைக்காரர் பழைய பெல்ட்டை மோந்து பாத்து, "இதென்னங்க, பெல்ட்டா ஊதுபத்தியா?"ன்னு கேட்டாராம். பெரியவன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறான். ஊட்டுக்காரிக்கு இப்பத்தான் விசயம் தெரியுது. சகுனம்னு சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தக் கூடாதாம்.

கடைக்காரர் சொல்லி அனுப்பினது: தட்டுல ஒரு சொட்டு எண்ணெய் ஆகாது, கிரீசு ஆகாது, பொடி ஆகாது. வெறும் தட்டு, வெறும் பெல்ட்.

மாட்டினது: பின் தட்டை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பெல்ட்டை உள்ள அமுக்கினா முன்னால தொய்வு கெடைக்குது. அப்பத்தான் முன் தட்டு நடுவுல பெல்ட் மாட்டிக்காம நட்டு முழுசா உக்காருது. அப்பறம் கையால சுத்தோணும், பெல்ட் தானா மேல வர்ற வரைக்கும்.

நட்டைத் திரும்பத் திரும்ப முடுக்கிப் பாத்தேன். பெரியவன் ஸ்பேனரைப் புடுங்கி ஒளிச்சு வெச்சுட்டான்.

தை 18, செவ்.

பனி கம்மி. வண்டி கல்லு மேல. ஸ்டார்ட் பண்ணி, முறுக்காம விட்டாக்கூடப் பின் சக்கரம் சுத்துது. சும்மா நிக்கறப்பவே வண்டி முன்னால நகரப் பாக்கும்னு அர்த்தம். சும்மா ஓடற வேகத்துக்குன்னு இருக்கற சிலோ ஸ்க்ரூவைக் கொறைச்சேன். சக்கரம் நின்னுச்சு. இருக்கட்டும்னு இன்னும் கொறைச்சேன். இன்னும் கொஞ்சம். இஞ்சினே நின்னு போச்சு.

"இப்ப நல்லா இருக்குது"ன்னேன்.

"இப்ப வண்டியே இல்லீங்கய்யா." அம்மிணி ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கிட்டா. "ரோட்டு நடுவுல நின்னு நின்னு போனா, பின்னால வர்றவன் சும்மா விடுவானுங்களா?" ஸ்டார்ட் பண்ணித் துளித்துளியாத் திருப்பினா. இஞ்சின் நிக்காம, சக்கரமும் சுத்தாம ஒரு எடம் இருக்குது. அதைக் காதுலயே கண்டுபுடிச்சு நிறுத்தினா.

ஏரிக்கரையில சோதனை. அன்னைக்கு ஆடு வந்த அதே எடத்துல பெரியவன் போயி ரோட்டுக்குக் குறுக்க நின்னான். நான் வேண்டாம்னு கத்தினேன்.

"ஆட்டுக்குப் பதிலா நான் நிக்கறேன். வா பாக்கலாம்."
"ஆட்டை விடப் பொருத்தமாத்தான் இருக்கீங்க!"

வேகமா எறங்கி வந்தா. அவன் வேட்டிக்கிட்ட வந்து நின்னா. அவன் நகரலை. முறுக்கினா. வண்டி பூனையாட்ட மெல்லக் கெளம்பி அவனைச் சுத்திக்கிட்டுப் போச்சு. திரும்பி வரச் சொல்லி மறுபடி நின்னான். மறுபடியும். மூணாந் தடவை அவன் கண்ணை மூடிக்கிட்டு நின்னதை நான் பாத்தேன், அவ பாக்கலை.

தை 19, புத.

விடியாலயே போயிட்டா. பச்சைச் சேலை. சோத்துப் போசி. ஊட்டுக்காரி திருநீறு வெச்சு விட்டா, வண்டிக்கும் வைக்கப் போனவளைப் பெரியவன் "அம்மா, வண்டிக்கு ஒண்ணும் வேண்டாம்"னு கையப் புடிச்சான்.

"வாரேனுங்கய்யா." திரும்பிப் பாக்கலை. ஓட்டறப்பத் திரும்பக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.

மரவள்ளிக்கு ஆள் வந்தாங்க. நான் அவங்களோட நின்னேன். என்ன புடுங்கினாங்கன்னு தெரியலை. சேலம் ரோட்டுல இருந்து யார் வந்தாலும் முகத்தைப் பாத்தேன். நட்டு முடுக்கினது போதுமா? வாசர் குழி வெளிப் பக்கம்தான, நோட்டைப் பாத்துக்கிட்டேன். வெளிப் பக்கம்தான்.

பொழுது எறங்குது. ஆபீசு விட்டு இந்நேரம் வந்திருக்கோணும். பெரியவன் பண்ணை வேலையை விட்டுட்டு வாசல்ல நிக்கறான், நிக்கறது தெரியாத மாதிரி. எனக்கு உள்ள உக்கார முடியலை. அன்னைக்கு எழுத வேண்டாம்னு விட்டது வந்து நிக்குது. எழுதிப்போடறேன்.

வளையல் குடுத்த வருசம் காய்ச்சல் வந்த அஞ்சு கொழந்தைங்க.
மேலூட்டு ராசு, அந்த வாரமே போயிட்டான்.
அவன் தங்கச்சி சின்னப்பொண்ணு, ரெண்டு நாள் கழிச்சு.
தறிக்காரர் பையன் பழனி, அடுத்த மழைக்கு.
கடைக்காரம்மா மக சரசு. கட்டை ஊனி நடந்தா, கட்டிக் குடுத்தாங்க, ஆட்டையாம்பட்டியில போன ஐப்பசியில அவளும்.

சத்தம் கேக்குது. கரை ஏத்தம். முக்கலை, தாவலை. ஒரே சீரா வருது, வேகம் மட்டும் கூடுது. பெரியவன் கை தூக்கறான்.

அஞ்சுல உசுரோட இருக்கறது இவ ஒருத்திதான். அம்மிணி அம்மிணின்னே கூப்புட்டு, வெச்ச பேரைச் சொல்லி எத்தனையோ வருசம் ஆச்சு. மரகதம்.