ஏழாவது பாட்டு

மார்ச் 1, வெள்ளி

எட்டு வருடம் காத்திருந்தது இதற்கா?

கடை திறப்பதற்கு முன்பே போய் நின்று ஸ்லேட் ஃபெரி இசைக்குழுவின் புது ஆல்பத்தை வாங்கினேன். பெயர் ‘இதமான வானிலை’. பெயரைப் பார்த்ததுமே உஷாராகியிருக்க வேண்டும். நான் எடுக்க வேண்டிய இரண்டு டிரைவிங் வகுப்புகளைத் தள்ளிப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். டிரம்ஸைக் காணோம். ஏதோ மெஷின் தட்டிக்கொண்டிருக்கிறது. கிட்டாரைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார்கள். பல் டாக்டர் வீட்டு வராந்தாவில் போடலாம், யாருக்கும் வலிக்காது. பாடகன் லாக்லன் டஃப் கத்தினால் ஒரு காலத்தில் நம் விலா எலும்பு அதிரும். இப்போது முணுமுணுக்கிறான். ஐம்பது வயதானால் கத்தக் கூடாது என்று சட்டமா? எனக்கு நாற்பத்தாறு. டண்டீ நகரின் ஒவ்வொரு ரவுண்டானாவிலும் நான் தினமும் கத்திக்கொண்டுதானே இருக்கிறேன்.

கிரெய்க் எட்டிப் பார்த்தான். “மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாராவது போயிட்டாங்களா?”

“டிரம்ஸ் போயிடுச்சு.”

“அதுக்கு லீவு போட்ட ஒரே பொண்டாட்டி எனக்குத்தான் கிடைச்சிருக்கா” என்று டீ போடப் போய்விட்டான்.

ஆறு பாட்டோடு நிறுத்திவிட்டேன்.

மார்ச் 2, சனி

ரசிகர் பக்கத்தில் நினைத்ததை எழுதினேன். நாற்பது பேர் திட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருட ரசிகைக்கு இது கூடச் சொல்ல உரிமையில்லையா? ஒருவன் எழுதுகிறான்: “அக்கா, ஏழாவது பாட்டைக் கேட்டுட்டு வந்து பேசுங்க.”

மார்ச் 4, திங்கள்

இன்றைய மீதி வகுப்புகளை ரத்து செய்துவிட்டேன்.

காலையில் பாக்ஸ்டருக்கு வகுப்பு. அறுபத்தோரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற நல்ல மனிதர். ஆற்றோரம் நிறுத்தி, மூச்சு வாங்கட்டும் என்று ரேடியோவைப் போட்டேன். நான் கேட்காமல் விட்ட அந்த ஏழாவது பாட்டு வந்தது, லாக்லன் பாடுகிறான்:

மூன்றாவது பாட்டு நடக்கும்போது என் பைக்குள் உன் பெயர் ஒளிர்ந்தது. நான் பாட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

இது என் வரி. நான் எழுதிய வரி.

அடுத்து பச்சைத் தொப்பி. ஃபார்ஃபர் பேக்கரிக்கு எதிரே பஸ் ஸ்டாப். பாதி தின்ற இறைச்சிப் பணியாரம் கோட்டுப் பையில். எல்லாம் என் தம்பி இன்னெஸுடையது. எல்லாவற்றையும் அப்படியே — “என் தம்பி” என்று பாடுகிறான் அவன்.

“நல்லாருக்கே இந்தப் பாட்டு” என்றார் பாக்ஸ்டர். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா? ஹேண்ட் பிரேக் போட்டுத்தானே இருக்கு?” என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

பதினைந்து வருடமாக இந்த நோட்டில்கூட எழுதாததை எழுதிவிடுகிறேன்.

2009 பிப்ரவரி. ஸ்லேட் ஃபெரி இங்கே வாசித்த இரவு. மூன்றாவது பாட்டில் என் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், இன்னெஸ். திரும்பப் பைக்குள் போட்டேன். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, கார் கொண்டு வருவாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். பனித்தூறலில் நடக்க ஆரம்பித்தான். ஒரு வேன்.

அம்மாவிடம் போனில் சார்ஜ் இல்லை என்று சொன்னேன். கிரெய்க்கிடமும் அதையே. ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்மையை எழுதினேன் — லாக்லன் டஃபுக்கு, நாலு பக்கம். ஏன் அவனுக்கு? அந்த நேரத்தில் பாடிக்கொண்டிருந்தது அவன்தானே. வேறு யாரிடம் சொல்ல? பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போது நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 6, புதன்

பத்திரிகையில் லாக்லன் பேட்டி. “கடற்கரையில் நடந்தப்போ தோணிச்சு. எனக்குத் தம்பி கிடையாது, ஆனா ஒரு தம்பியை இழந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சேன்.”

தோணிச்சா. உனக்குத் தோணிச்சா. கடற்கரையில பொறுக்கின சிப்பியாடா அவன்?

மார்ச் 8, வெள்ளி

இசைக்குழுவின் அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். பதில்: ‘எங்கள் பாடல்கள் உங்கள் வாழ்க்கையோடு ஒத்துப்போவதில் மகிழ்ச்சி.’ கூடவே இரண்டு இலவச டிக்கெட்.

கிரெய்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோவை அணைத்தான். பிறகு, “உங்க அம்மாவுக்கு நீயே சொல்லிடு. ரேடியோ சொல்றதுக்கு முன்னாடி” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

சொல்லவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அம்மா முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாள். பாதி வெட்டிய முடியோடு எழுந்து வந்துவிட்டாள். நான் அவள் வீட்டுக்குப் போனபோது ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. சிரிக்க வேண்டிய கோலம்.

“உன் போன்ல சார்ஜ் இல்லன்னு சொன்னியே.”

“அம்மா—”

“நான் என்ன கேட்டேன்? சார்ஜ் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு.”

“எவனோ ஒரு பாட்டுக்காரனுக்குச் சொல்லத் தெரிஞ்சுது. பெத்தவளுக்குச் சொல்ல வாய் வரல.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், நான் வெளியே போகும்வரை.

என்மேல் கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் சொல்லாமல் வைத்திருந்தது என்னுடையது. நானே ஒருநாள் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியாது. அந்த ‘தெரியாது’வையும் அவன் எடுத்துக்கொண்டான்.

மார்ச் 16, சனி

ஊருக்கு நடுவே உள்ள கடையில் லாக்லன் டஃப் மதியம் கையெழுத்துப் போட வருகிறான் என்று போட்டிருந்தார்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன்.

வரிசையில் எனக்குப் பத்துப் பேர் முன்னால் அம்மா. கறுப்புச் சட்டை போட்ட ரசிகர்களுக்கு நடுவே நீலக் கோட்டு, கைப்பை, சமமாக வெட்டிய முடி. கையில் ஆல்பம், காசு கொடுத்து வாங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

லாக்லன் நரைத்திருந்தான். பேனாவைத் திறந்து, “யார் பேருக்கு எழுதட்டும், அம்மா?” என்றான்.

“ஏழாவது பாட்டுல ஒரு பையன் வரானே, அவன் பேருக்கு.”

சிரித்தான். “அவன் கற்பனைங்க.”

“பச்சைத் தொப்பியை நான்தான் பின்னினேன் தம்பி. கற்பனைக்கு யாரும் தொப்பி பின்ன மாட்டாங்க.”

அவன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். “கடிதம் உங்களுதா?”

“ஆமா.”

“பதினஞ்சு வருஷமா கிட்டார் பெட்டியிலயே வெச்சிருக்கேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து... முடியல. அது நீங்க எனக்குக் கொடுத்ததுன்னு நினைச்சேன்.”

“உங்களுக்குத்தான் எழுதினேன். பாடச் சொல்லல. கடற்கரையில தோணிச்சுன்னு சொல்லச் சொல்லல.”

சொல்லிப் பார்த்து வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துபோனது. பின்னால் யாரோ “சீக்கிரம்” என்றார்கள். அம்மா நகரவில்லை.

“எழுதுங்க. இன்னெஸ் பெட்ரி. ரெண்டு ‘N’ வரும்.”

அவன் எழுதினான். தன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பெரிய எழுத்தில், என் தம்பி பெயர். கீழே தன் பெயரைப் போடப் போனவன் நிறுத்திக்கொண்டான்.

வெளியே வந்ததும் அம்மா ஆல்பத்தைப் பைக்குள் வைத்தாள். “உன்கிட்ட இன்னும் பேசல நான்” என்றாள். பஸ் ஏறிவிட்டாள்.

மார்ச் 31, ஈஸ்டர்

அம்மா வரவில்லை. ஆட்டுக்கறி மீந்துவிட்டது.

ஏப்ரல் 5, வெள்ளி

லாக்லன் அறிக்கை விட்டிருக்கிறான். அந்தப் பாட்டு ஒரு ரசிகையின் கடிதம், கேட்காமல் எடுத்தேன், பேட்டியில் சொன்னது பொய் என்று. அடுத்த பதிப்பில் என் பெயரும் இன்னெஸ் பெயரும் வரும். ஏழாவது பாட்டை இனி மேடையில் பாட வேண்டுமா என்று என்னைக் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் எழுதவில்லை. அவனும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ரசிகர் பக்கத்தில் என்னைத் திட்டிய நாற்பது பேரும் அழுகிறார்கள். அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வியாழன்

முழு ஆல்பத்தையும் கேட்டேன், முதல் முறையாக. பாரபட்சமில்லாமல் எழுதுகிறேன்: ஒன்பது பாட்டு குப்பை. ஏழாவது, இவர்கள் போட்டதிலேயே சிறந்தது. அதில் மெஷின் இல்லை, டிரம்ஸே இல்லை, வெறும் குரல். அது நன்றாக இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மட்டமாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

மதியம் அம்மா வந்தாள். சொல்லாமல், ஒரு கேக்கோடு. கிரெய்க் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மழை பெய்துகொண்டிருந்தது, நாய்க்கே விருப்பமில்லை.

அம்மா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“நீ அன்னைக்கு எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்ப?”

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. “பாட்டு முடியட்டும்டா, அங்கேயே நில்லு, வரேன்னு சொல்லியிருப்பேன்.”

“அவன் நின்னிருப்பானா?”

கேக்கை மேஜை நடுவே நகர்த்தி வைத்தேன்.

“பத்து மாசம் என் வயித்துல இருக்கச் சொன்னதுக்கு எட்டு மாசத்துல வந்து நின்னவன் அவன்” என்றாள் அம்மா. “சரின்னு சொல்லிட்டு நடந்திருப்பான்.”

பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கத்தி எங்கே என்று கேட்டாள், கேக் வெட்ட.